ஆறாவது முள்

அணு உலைக்குக் காய்ச்சல் பார்ப்பதுதான் நிக்கலஸின் வேலை. இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஓரடி தள்ளி நிற்பார்கள். பக்கத்து ஊரான கோல்டிங்கில் இருந்த புஷ்பராணியக்கா மட்டும் தள்ளி நிற்கவில்லை. கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, குண்டும் செய்யிறியளோ?" என்று கேட்டார். இல்லையக்கா, தேமாமீற்றர்தான் செய்கிறோம் என்று நிக்கலஸ் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். "சொல்லக்கூடாதெண்டு எழுதி வாங்கியிருப்பினம்" என்று புஷ்பராணியக்கா பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அடுத்த கிழமைக்குள் கோல்டிங்கிலிருந்து பிராண்டே வரைக்கும் நிக்கலஸ் குண்டு செய்கிற ஆளாகிவிட்டார்.

உண்மையில் அவர் செய்தது கண்ணாடி நூல். தலைமயிர் மொத்தத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் ஒளியை விடுவார்கள். இழையின் உடம்பில் இடைக்கிடை லேசரால் சுட்ட கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் தனக்கென்று ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சூடு ஏற ஏற அந்த நிறம் துளித்துளியாக நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று மறுமுனையில் இருக்கும் பெட்டி பார்த்துச் சூட்டைச் சொல்லும். அணு உலையின் வயிற்றுக்குள் மனிதர் எட்டிப் பார்க்க முடியாது. உலோகக் கம்பியில் செய்த தேமாமீற்றரோ அந்தக் கதிர்வீச்சில் கொஞ்ச நாளில் புத்தி பேதலித்து வாய்க்கு வந்ததைச் சொல்லும். கண்ணாடிக்கும் நாளடைவில் கண்புரை மாதிரி ஒரு மங்கல் வரும்தான். ஆனால் மங்கிய கண்ணுக்கும் நிறம் நகர்ந்தது தெரியும். தொள்ளாயிரம் பாகைச் சூட்டிலும் அழியாத கோடு போடுவது எப்படி என்பது டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் இருந்த அந்தச் சின்னக் கொம்பனியின் ரகசியம். அங்கே வேலை செய்த பன்னிரண்டு பேரில், இழையை முறியாமல் உரித்து, ஒட்டி, உறைக்குள் நுழைக்கிற கை நிக்கலஸுக்குத்தான் வாய்த்திருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் மீன் தொழிற்சாலையில் முள் பிடுங்கிய கை அது.

இழைக்கு ஒரேயொரு பலவீனம் இருந்தது. சூடு பட்டாலும் நிறம் நகரும், உலுக்கினாலும் நிறம் நகரும். காய்ச்சலா நடுக்கமா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. இந்தக் கதையில் நடந்த அவ்வளவு கூத்துக்கும் அதுதான் காரணம்.

பகுதிக்குப் பொறுப்பான ஹென்னிங் ஐம்பது தாண்டிய, நெடுத்த பொறியியலாளர். அவருடைய சைக்கிள் மட்காட்டில் ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி, 'அணுசக்தியா? வேண்டாம், நன்றி' என்று எழுதியிருக்கும். வேண்டாம் என்பதைக்கூட நன்றி சேர்த்துச் சொல்கிற நாடு. இந்தச் சூரியனோடு வந்து இறங்கி அடுத்த நாட்டு அணு உலைக்குத் தேமாமீற்றர் செய்வது எப்படிப் பொருந்தும் என்று நிக்கலஸ் ஒருநாள் கேட்டார்.

"நான் வேண்டாமென்று சொன்னதற்காக அது இல்லாமல் போகப் போவதில்லை," என்றார் ஹென்னிங். "இருக்கத்தான் போகிறது என்றால், உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

நிக்கலஸுக்கு அது நியாயமாகப் பட்டது. 2009ஆம் ஆண்டு பிறந்தபோது இன்னும் நியாயமாகப் பட்டது. ஏனென்றால் அவருடைய தங்கை அருள்நாயகி அப்போது வன்னிப் போர்முனைக்குள் அகப்பட்டிருந்தாள். யாரும் உள்ளே போகவும் முடியாது, உள்ளேயிருந்து ஒரு சொல் வெளியே வரவும் முடியாது.

அருள்நாயகி கணக்கு ரீச்சர். கணவனும் மூன்று பிள்ளைகளும் அவளுமாக இடம் மாறி இடம் மாறிப் போய், ஜனவரி நடுவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து கடைசியாகக் கதைத்தாள். அழவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள்:

"அண்ணை, இனி லைன் கிடைக்குமோ தெரியாது. ஆரும் போன் இரவல் தந்தால் மிஸ்ட் கோல் விடுறன். எடுத்துப் போடாதேங்கோ. திருப்பி அடிக்கவும் வேண்டாம், தந்த ஆளுக்குக் கரைச்சல் வரும். எத்தினை றிங் எண்டு மட்டும் எண்ணுங்கோ. எத்தினை பேர் உயிரோட இருக்கிறமோ அத்தினை றிங்."

"அப்ப ஆறு."

"ஐஞ்சு. நான், அவர், பிள்ளையள் மூண்டு."

"அவற்ர அம்மா?"

"அந்த மனிசியை நான் எண்ணுறேல்லை."

அந்த மனிசி என்றால் மாமியார் தவமணி. பதினொரு வருடத்துக்கு முன்னர், மருமகள் நண்டு போட்டு வைத்த ஒடியற்கூழை நாலு பேர் முன்னிலையில் குடித்துவிட்டு, "கணக்கு ரீச்சரின்ர கூழெல்லோ, நண்டை எண்ணித்தான் போட்டிருக்கிறா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். அன்றோடு சரி. எதிர் ஒழுங்கையில் மூத்த மகன் வீட்டில்தான் தவமணி இருந்தார். இவள் வாசலால் போனால் அவர் கோழிக்குத்தான் தீன் போடுவார், அவர் வந்தால் இவள் வானத்தைப் பார்ப்பாள். 'என்னை எண்ணிச் சமைக்கிறவள் எண்டு சொன்ன ஆளை நான் ஏன் எண்ண வேணும்' என்பது அருள்நாயகியின் நியாயம். குண்டு விழுந்த நேரத்திலும் அந்த ரோசம் மட்டும் விழவில்லை.

மிஸ்ட் கோல் என்பது எங்கள் சனம் காசில்லாமல் கண்டுபிடித்த தந்தி. ஒரு றிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு றிங் என்றால் எனக்கு எடு, மூன்று என்றால் அவசரம் என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. இந்தச் சட்டத்தை அண்ணனும் தங்கையும் அன்றைக்கே இரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள். அங்கே ஐந்து விட்டாள், இங்கே ஐந்து கேட்டது. பிறகு நான்கு மாதம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நான்கு மாதமும் நிக்கலஸ் போனோடு குளித்தார், போனோடு பூசைக்குப் போனார். பழைய போன், பற்றறி ஒரு மணித்தியாலம் தாங்காது. புதிது வாங்கச் சொல்லி மனைவி பற்றிமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாற்றுகிற அந்தப் பத்து நிமிடத்தில் தங்கை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். வேலையிடத்தில் இன்னொரு கரைச்சல் இருந்தது. பரிசோதனை அறையில் போனுக்கு அனுமதியில்லை. அனுமதித்தாலும், தகரமும் இரும்புமாய்க் கட்டிய அந்த அறையில், சூளைக்குப் பக்கத்து மேசையின் யன்னலோர மூலையில் மட்டும்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். அந்த மூலையில், கண்ணாடி இழைகள் ஓடுகிற தகரத் தட்டுக்கு ஒரு மூடி இருந்தது. நிக்கலஸ் போனைச் சத்தமில்லாமல் அதிர்வில் வைத்து, மூடிக்குக் கீழே சார்ஜரோடு ஒளித்து வைத்தார். அங்கேயே நின்று வேலை செய்ததால், தட்டு ஒரு தரம் உறுமியதுமே மூடியைத் திறந்து பார்த்துவிடுவார்.

மே மாதம் பதினைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய பரிசோதனை தொடங்கியது. மூன்று இழைகளைச் சூளைக்குள் விட்டுத் தொள்ளாயிரம் பாகையில் எழுபத்திரண்டு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். அளவு இரண்டு பாகைக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. திங்கள் காலை ஓர் அணு ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பிரெஞ்சு அம்மா வந்து பார்த்து, சரியென்றால் கையொப்பம் வைப்பார். சனி ஞாயிறு பகல் காவலுக்கு நிக்கலஸ் தானாகவே கை தூக்கினார். வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும்.

சனி மத்தியானம் ஹென்னிங் வந்து வரைபைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார். தெளிந்த குளம் மாதிரிக் கிடந்த கோட்டில் முட்கள் நின்றன. நாலு பாகை உயரத்தில், வரிசையாக, கூர்கூராக. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ஒரு வரிசை முள்.

ஹென்னிங் ஒரு கொப்பியை எடுத்து வந்து துப்பறியத் தொடங்கினார். முதலில் ரயிலைச் சந்தேகித்தார். நேர அட்டவணையோடு ஒப்பிட்டதில் ஒன்பது வரிசையில் இரண்டுதான் பொருந்தியது. பிறகு அடுத்த வளவிலிருந்த கார் கழுவும் இயந்திரத்தைச் சந்தேகித்தார். அது பூட்டியிருந்த நேரத்திலும் முள் வந்தது. ஞாயிறு காலை கோயில் மணியைச் சந்தேகித்து, கோப்பிக் குவளையோடு முற்றத்தில் நின்று மணியை எண்ணினார். கடைசியில் கூரையில் நடக்கிற கடற்காகங்களில் வந்து நின்றார்.

"ஒன்று கவனித்தாயா, நிக்கலஸ்?" என்றார். "ஒவ்வொரு வரிசையிலும் சரியாகப் பதினான்கு முள். இயற்கை பதினான்கு வரை எண்ணாது. இது யாரோ ஒருவர்."

பதினான்கு என்றதும் நிக்கலஸுக்குத் தன் போன் உறுமி ஓய்கிற கணக்கு ஞாபகம் வந்தது. ஹென்னிங் போன பிறகு மூடியைத் திறந்து போனைப் பார்த்தார். பத்து மணி பத்து நிமிடம், புஷ்பராணி. பதினொன்று பத்து, புஷ்பராணி. பன்னிரண்டு பத்து, புஷ்பராணி. ஹென்னிங்கின் கொப்பியிலும் அதே நேரங்கள்தான் இருந்தன. நிக்கலஸ் கோப்பி குடிக்கப் போகிற நேரமெல்லாம், வானொலியில் மணிச் செய்தி முடிந்த கையோடு, புஷ்பராணியக்கா அழைத்திருக்கிறார். ஒருவரும் எடுக்காவிட்டால் பதினான்கு தரம் உறுமிவிட்டுத்தான் போன் ஓயும். அவ்வளவும் மூடிக்குக் கீழே, இழையின் முதுகில்.

இந்த இடத்தில் நல்ல மனிதன் என்ன செய்வான்? ஹென்னிங்கிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்வான். நிக்கலஸும் நல்ல மனிதர்தான். ஆனால் சொன்னால் போன் அறைக்கு வெளியே போய்விடும். வெளியே, அங்கி மாற்றுகிற இடத்து இரும்புப் பெட்டிக்குள், சிக்னல் ஒரு கோடும் வராது. தங்கை விடப்போகும் ஐந்து றிங்கை இரும்புப் பெட்டிக்கு விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு, யன்னலோரம் நின்று கோல்டிங்குக்கு எடுத்தார்.

"அக்கா, வேலை நேரத்தில எனக்கு அடியாதேங்கோ."

"தங்கச்சியின்ர செய்தி ஏதும் வந்ததோ எண்டு கேக்கத்தான் அடிக்கிறன். எனக்கும் நெஞ்சுக்குள்ள தண்ணியில்லை, தம்பி."

"வந்தால் நானே அடிப்பன் அக்கா. இது இஞ்ச மெசினைக் குழப்புது."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "விளங்குது," என்றார் புஷ்பராணியக்கா. "குண்டு கிண்டு வெடிச்சுப் போடும் என்ன. நான் அடிக்கேல்லை." பத்து நிமிடத்தில் மறுபடி அடித்து, தான் இனி அடிக்கமாட்டேன் என்பதை உறுதிப்படுத்தினார்.

திங்கள் காலை எங்கள் சனம் முழுவதற்கும் செய்தி வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததாம். போர் முடிந்தால் மனிதருக்கு ஆறுதல் வரவேண்டும் என்பார்கள். நிக்கலஸுக்கு வரவில்லை, பயம்தான் வந்தது. முடிந்தது என்றால் இனிமேல் எண்ண வேண்டியதுதான் மிச்சம். சைக்கிளில் வரும்போது வழி முழுக்க வயல்கள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தன. அந்த அழகின் மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஹென்னிங்கும் நித்திரையில்லாத முகத்தோடுதான் நின்றார். "ஒரு வழி பார்த்தேன்," என்றார், நிக்கலஸின் கண்ணைப் பார்க்காமல். "வடிகட்டி போட்டுவிட்டேன். ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரி எடுக்கும். முள் தெரியாது. எல்லாரும் செய்வதுதான்."

அப்படிச் சொன்னதில் அவருக்கே மனமில்லை என்பது தெரிந்தது. வரைபு மறுபடி குளமாகக் கிடந்தது. இதற்குக் காரணம் தானென்று நிக்கலஸுக்குக் குத்தியது. பிரெஞ்சு அம்மா போன பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தார்.

பிரெஞ்சு அம்மா பதினொன்றே காலுக்கு வந்தார். குட்டையான, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்த மனுசி. இழையை ஒட்டிய ஆளை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "கைகளைத்தான் நான் நம்புவேன், காகிதத்தை அல்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹென்னிங் ஓடிவந்து நிக்கலஸின் தோளில் கைபோட்டுக் கூட்டமறைக்கு இழுத்துக்கொண்டு போனார். போனை எடுத்துவர வழியில்லை. ஒட்டும் முறை, உரிக்கும் முறை, எத்தனை முறிந்தது, ஏன் முறிந்தது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நிக்கலஸ் தன் விரல்களைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக முழுதாக முப்பது நிமிடம் பேசினார்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது திரையில் இரண்டு வரி இருந்தது. பதினொன்று இருபத்திரண்டு, புஷ்பராணி. பதினொன்று முப்பத்தொன்று, தெரியாத இலக்கம்.

தெரியாத இலக்கம். நான்கு மாதம் குளியலறைக்கும் கோயிலுக்கும் கொண்டு திரிந்த போன், அவர் பக்கத்தில் இல்லாத அந்த அரை மணித்தியாலத்தில் பேசிவிட்டு ஓய்ந்திருந்தது. யார் என்று அதற்குத் தெரியாது. எத்தனை தரம் என்று அதற்கு ஞாபகமில்லை. மிஸ்ட் கோல் ஒன்று என்று மட்டும் சொன்னது. ஒரு றிங்கும் மிஸ்ட் கோல் ஒன்றுதான், ஐந்து றிங்கும் மிஸ்ட் கோல் ஒன்றுதான். நிக்கலஸ் சூளைக்கு முன்னால் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். ஐம்பது வயது மனிதன், வெள்ளை அங்கியோடு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

உள்ளே வந்த ஹென்னிங் முதலில் இழை முறிந்துவிட்டதென்றுதான் நினைத்தார். திரையைப் பார்த்தார், குளம் குளமாகவே இருந்தது. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டாக இரண்டு நிமிடம். பின்னாலே பிரெஞ்சு அம்மா குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றார். எது நடந்தாலும் பரிசோதனையை நேரத்துக்கு முடிக்கிற பழக்கத்தில் ஹென்னிங் அளவுப் பெட்டியை நிறுத்துகிற ஆளியில் கையை வைத்தார்.

அப்போதுதான் நிக்கலஸுக்கு உறைத்தது. போனுக்கு ஞாபகமில்லை, ஆனால் இழைக்கு உண்டு. வடிகட்டி முள்ளை மறைத்ததே தவிரப் பிடுங்கவில்லை; வடிகட்டாத அளவுகள் பெட்டியின் வயிற்றில் இன்னும் கிடக்கும். ஆளியை நிறுத்தினால் அழியும்.

"வேண்டாம்!" என்று கத்தப் பார்த்தார். பதற்றத்தில் வேறு டேனிஷ் வாயில் வராமல், மட்காட்டில் தினமும் பார்த்த அந்த மூன்று சொல்லில் கடைசி இரண்டுதான் வந்தது. "நை தக்!"

வேண்டாம், நன்றி. ஹென்னிங்கின் கை ஆளியிலேயே நின்றது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. போன், மூடி, புஷ்பராணி, அதிர்வு, தங்கை, றிங் கணக்கு எல்லாம், முன்னுக்குப் பின் முரணான டேனிஷில். ஹென்னிங்கின் முகத்தில் மூன்று நாள் கடற்காகங்களும் கோயில் மணியும் ஒவ்வொன்றாய் ஓடி மறைந்தன. கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் பொறியியலாளருக்குக் கோபத்தை விடக் காரணம் கிடைத்த சந்தோசம் பெரிது. "யாரோ ஒருவர் என்று சொன்னேனா இல்லையா!" என்று பிரெஞ்சு அம்மாவிடம் திரும்பினார். உடனே, தான் வடிகட்டி போட்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்துவிட்டதை உணர்ந்து காதுவரை சிவந்தார்.

"வடிகட்டியை எடுங்கள்," என்றார் அம்மா. மூக்குக் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

மூன்று பேரும் திரையின் முன் குனிந்தார்கள். பதினொன்று இருபத்திரண்டில் அடர்ந்த வேலி மாதிரிப் பதினான்கு முள் நின்றது.

"இது புஷ்பராணி," என்றார் ஹென்னிங், பழகிய ஆளைச் சொல்வது போல.

கோட்டை மெல்ல நகர்த்தினார். இருபத்தைந்து. இருபத்தெட்டு. குளம். முப்பது. நிக்கலஸ் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். என்ன நேர்த்தி என்று பிறகு அவருக்கு ஞாபகம் வரவேயில்லை. முப்பத்தொன்றில் முதல் முள் எழும்பியது.

"ஒண்டு," என்றார் நிக்கலஸ். கணவனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, அவள் மட்டும் என்றால் இதோடு நிற்கும். நிற்கவில்லை. "ரெண்டு." ஹென்னிங்கின் உதடும் டேனிஷில் அசைந்தது. "மூண்டு." மூன்றோடு கோடு தாழ்ந்து கிடந்த அந்த ஒரு விரலிடை தூரத்தை நிக்கலஸ் சாகும்வரை மறக்கமாட்டார். "நாலு." பிரெஞ்சு அம்மாவும் மேசை விளிம்பில் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தார். "ஐஞ்சு."

ஐந்து. நிக்கலஸ் சிலுவை போட்டுக்கொண்டு முகத்தை மூடினார். அவ்வளவுதான், அவருக்கு வேறொன்றும் தேவையில்லை. ஹென்னிங் அவரைத் தட்டினார்.

"ஆறு," என்றார்.

"இல்லை, ஐந்து."

"பார். ஆறு."

ஆறாவது முள் மற்ற ஐந்துக்கும் சமமான உயரத்தில், சமமான இடைவெளியில் நின்றது. அதற்குப் பிறகு குளம்.

"அது ரயிலாக இருக்கும்," என்றார் நிக்கலஸ். "அல்லது காகம்."

ஹென்னிங் இல்லையென்று தலையாட்டினார். "உன் தங்கை கணக்கு ஆசிரியை என்றுதானே சொன்னாய்? இயற்கை எண்ணாது, நிக்கலஸ். இது எண்ணத் தெரிந்த ஒரு ஆள் எண்ணியது."

பிரெஞ்சு அம்மா நிக்கலஸின் போன் இலக்கத்தை வாங்கித் தானே அழைத்துப் பார்த்தார். மூடி உறுமியது, திரையில் முள் எழும்பியது. திருப்தியோடு தலையசைத்து, இழையில் பிழையில்லை என்றார். ஆனால் இன்னும் இருபத்துநாலு மணித்தியாலம், வடிகட்டி இல்லாமல், போனும் இல்லாமல் ஓட்டிக் காட்டினால்தான் கையொப்பம். ஓட்டினார்கள். ஒரு முள்ளும் வரவில்லை. பரிசோதனை அறிக்கையில் 'இடையூறு' என்ற தலைப்பின் கீழே ஹென்னிங் தன் நேர்மையான கையெழுத்தில் எழுதிய வரி இன்றைக்கும் அந்த ஆய்வு நிலையத்தின் கோப்பில் இருக்க வேண்டும்: 'மூலம்: புஷ்பராணி (பதினான்கு), குடும்பம் (ஆறு).'

அன்று பின்னேரம் வீட்டில் பற்றிமா தேத்தண்ணியை ஆறவிட்டு விரல் மடித்தார்.

"அருள், அவர், மூண்டு பிள்ளையள். ஆறாவது ஆரப்பா?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"பிள்ளை கிள்ளை..."

"நாப்பத்தாறு வயசில, பங்கர்க் குழிக்குள்ளயோ?"

"அப்ப கை தவறி ஒண்டு கூட விட்டிருப்பா."

"கை தவறி விடுறவளெண்டால் கணக்கு ரீச்சரா வந்திருக்கமாட்டாள்."

அதற்கு மேல் இருவருக்கும் யோசனை ஓடவில்லை. செய்தி சொல்லப் புஷ்பராணியக்காவுக்கு எடுத்தார்கள். அவர் முதலில் அழுதார், பிறகு தன் பெயர் அணு ஆய்வு நிலையத்து அறிக்கையில் ஏறியதைக் கேட்டு அழுகையை நிறுத்தினார். "எழுத்துப் பிழையில்லாமல் எழுதினவையோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஆனாலும் நிக்கலஸுக்கு நெஞ்சு இறங்கவில்லை. அந்த ஆறு அருள்நாயகியின் ஆறுதானா? தெரியாத இலக்கம் யாரும் அடித்திருக்கலாம். வேறு யாரோ, வேறு எதற்கோ, ஆறு தரம் அடித்து அலுத்து வைத்திருக்கலாம். ஐந்து என்று வந்திருந்தால் சந்தேகமே இருந்திருக்காது. ஒன்று கூடியதால் எல்லாமே ஆட்டம் கண்டது. மருந்து அளவுக்கு மேல் போனாலும் நோயாளிக்குப் பயம்தானே.

ஒன்பது நாள் கழித்து, நிக்கலஸ் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது போன் அடித்தது. தெரியாத இலக்கம். இருவரும் அசையாமல் நின்று எண்ணினார்கள். ஐந்து. ஆறு. ஏழு.

"எடுங்கோ," என்றார் பற்றிமா. "ஏழு பேர் இருக்க ஏலாது."

எடுத்தார். பின்னால் பெரும் சனக்கூட்டத்தின் இரைச்சல், அதற்குள்ளிருந்து பாடம் நடத்துகிற குரல்.

"அண்ணை, நான் அருள். முகாமில நிக்கிறம். கனநேரம் கதைக்க ஏலாது. அண்டைக்கு விட்டது எண்ணினீங்களோ?"

"எண்ணினன் பிள்ளை. ஆறு. அது நீதானே?"

"நான்தான்."

"அஞ்செண்டுதானே சொன்னனி? ஆறாவது ஆர்?"

அருள்நாயகி குரலைத் தாழ்த்தினாள்.

"மாமி," என்றாள்.

"அந்த மனிசியையோ எண்ணினனி?"

"மூத்தவர் குடும்பம் ஏப்ரலில போயிட்டுது அண்ணை, ஒருத்தரும் இல்லை. அதுக்குப் பிறகு மாமி எங்களோடதான். ஒரு பங்கருக்குள்ள ஆறு பேர். கோவத்துக்கு முகத்தைத் திருப்பக்கூட இடமில்லை, கதைக்காமல் என்ன செய்யிறது?" அருள்நாயகி மூக்கை உறிஞ்சினாள். நிக்கலஸ் அறிந்த வரையில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. "நான் எண்ணாட்டி மாமியை ஆர் அண்ணை எண்ணுறது?"

நிக்கலஸ் போனைப் பற்றிமாவின் காதுக்கும் சாய்த்துப் பிடித்தார். அப்போது தங்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் கிளம்பியது.

"என்னை எத்தினையாவதா அடிச்சனி?"

"கடைசியா, மாமி."

"எனக்குத் தெரியும்," என்றது அந்தக் குரல். "நண்டிலயும் அப்பிடித்தான்."

"மாமி, போன் இரவல் போன், கத்தாதேங்கோ. நண்டு ஐஞ்சு போட்டனான், உங்கட கோப்பையிலதான் ரெண்டு கிடந்தது."

"ஒண்டு. ஓட்டோட ஒண்டு."

"ரெண்டு மாமி. நான் எண்ணித்தான் போட்டனான்."

இரவல் தந்தவர் போனைத் திருப்பிக் கேட்கும்வரைக்கும், பதினொரு வருடம் பேசாத இருவரும் நண்டுக் கணக்கில் சண்டை பிடித்தார்கள். நிக்கலஸும் பற்றிமாவும் ஒரு போனில் இரண்டு காதை வைத்து, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.